முப்பத்தைந்து கோடுகள்

பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியவன் ஒருவன் பக்கம் பக்கமாக எழுதுவானா என்று வாசகப் பெருமக்கள் எண்ணக்கூடும். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் கணக்கும் அறிவியலும் கற்பித்து ஓய்வு பெற்றவன். கரும்பலகையில் எழுதுவதும், மணி அடித்ததும் அதைத் துடைத்து வைப்பதும் என் அன்றாடத் தொழிலாக இருந்தன. அடுத்த ஆசிரியர் வருமுன் பலகை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். அந்த நல்ல பழக்கமே முதிய வயதில் என்னை ஒரு சிறுமியின் முன் தலைகுனிந்து நிற்கச் செய்தது. நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

குடமுருட்டியும் திருமலைராசனும் பாயும் பாபநாசத்தில் எங்கள் வீடு. பழைய ஓட்டு வீடு. பின்கட்டில் பத்தாயம் இருந்த அறை ஒன்று உண்டு. என் தந்தையார் காலத்தில் எங்கள் நிலத்தில் விளைந்த நெல் முழுவதும் அந்த மரப் பத்தாயத்திற்குள்தான் போகும். இப்போது அறுவடை இயந்திரத்திலிருந்து நெல் நேரே கொள்முதல் நிலையத்திற்குப் போய்விடுகிறது. வெறும் பத்தாயத்தைக் காத்து என்ன பயன் என்று சில ஆண்டுகளுக்கு முன் அதைப் பிரித்து விற்றோம். பத்தாயம் போயிற்று, அறையின் இருட்டு மட்டும் போகவில்லை. நெல்லுக்கு வெளிச்சம் எதற்கு என்று எண்ணி, அன்று கட்டியவர்கள் கையகலச் சன்னல் ஒன்றே வைத்திருந்தார்கள்.

என் மகன் குவைத்தில் வேலை பார்க்கிறான். மருமகள் கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலி. ஒரு வாரம் பகல் பணி என்றால் மறு வாரம் இரவுப் பணி. ஒரே பேத்தி, எட்டு வயது. தன் அப்பாயியின் பக்கத்தில்தான் படுத்துறங்குவாள். மூன்றாம் வகுப்பிற்குப் போனதும் தனக்கெனத் தனி அறை வேண்டும் என்று கேட்டாள். பத்தாய அறைக்கு வெள்ளையடித்து, கட்டில் ஒன்று போட்டுக் கொடுத்தோம். முதல் நாள் இரவு பத்து மணிக்குத் தலையணையைத் தூக்கிக்கொண்டு அப்பாயியிடமே திரும்பி வந்துவிட்டாள்.

"அந்த ரூம் ரொம்ப கறுப்பா இருக்கு" என்றாள்.

இச்செய்தி தொலைபேசி வழியே குவைத்துக்குப் போயிற்று. சென்ற அக்டோபர் மாதக் கடைசியில், அங்கிருந்து விடுமுறையில் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மூலம் ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. ஏதோ போர்வையோ பால் பொடியோ இருக்கும் என்று நினைத்தேன். பிரித்தால், கண்ணாடி போன்ற தெளிவான பலகை ஒன்று. அதை நிறுத்தி வைக்க ஒரு கட்டை. ஏழெட்டு வண்ணப் பேனாக்கள். ஒரு சிறு ரிமோட்டு. கட்டையை மின்சாரத்தில் இணைத்தாள் பேத்தி. பலகையில் ஒன்றும் தெரியவில்லை. பேனாவை எடுத்து ஒரு பூ வரைந்தாள். அந்தப் பூ இருட்டில் தணல் போல் ஒளிர்ந்தது. படுக்கை அறையை அழகுபடுத்துவதற்கென்றே செய்யப்பட்ட வரைபலகையாம் அது.

எனக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. பாலைவன வெயிலில் உழைத்த பணத்தை இப்படியா செலவழிப்பது என்று முணுமுணுத்தேன். நாங்கள் படித்த காலத்தில் ஒரு சிலேட்டும் ஒரு பலப்பமும் போதும். வேலியில் படர்ந்த கோவை இலையைப் பறித்துத் துடைத்தால் சிலேட்டு புத்தம் புதிதாகிவிடும். மின்சாரம் குடிக்கும் சிலேட்டு எதற்கு?

ஆனால் ஆசிரியப் புத்தி சும்மா இருக்குமா? பலகை ஏன் இருண்டிருக்கிறது, கோடு மட்டும் ஏன் ஒளிர்கிறது என்று ஆராயத் தொடங்கினேன். அப்பலகை கண்ணாடியன்று, அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கு. அடிக்கட்டையில் எல்.இ.டி. விளக்குகள் வரிசையாக உள்ளன. அவற்றின் ஒளி பலகையின் விளிம்பு வழியே உள்ளே நுழைகிறது. நுழைந்த ஒளி வெளியேற முடியாமல், ஒரு முகத்தில் மோதி மறு முகத்திற்கும், அங்கே மோதி மீண்டும் இம்முகத்திற்குமாகத் துள்ளித் துள்ளி ஓடுகிறது. அந்நாளில் பௌதிகம் என்று நாங்கள் கற்பித்த பாடத்தில் இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். அக்ரிலிக்கின் முகத்திற்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 42 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி காற்றுக்குள் தப்பிப் போக இயலாது. ஆனால் முகத்தின் மேல் மை படிந்த இடத்தில் நிலைமை மாறுகிறது. ஒளி மைக்குள் புகுந்து, சிதறி, நம் கண்ணுக்கு வருகிறது. அந்த மையும் சாதாரண மையன்று. நீல ஒளியை வாங்கிக்கொண்டு பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் திருப்பித் தரும் ஒளிர் மை.

இதைப் பேத்திக்கு விளக்க ஒரு சோதனை செய்து காட்டினேன். தண்ணீர்ப் பாட்டில் ஒன்றின் அடிப்பக்கத்தில் துளையிட்டு, நீர் நிரப்பி, இரவில் கொல்லைப்புறத் திண்ணையில் வைத்தேன். துளைக்கு நேர் எதிரே பாட்டிலின் பின்புறமாகச் செல்பேசி விளக்கைப் பிடித்தேன். நீர் வளைந்து கீழே விழுந்தது. ஒளியும் அதனோடு வளைந்து விழுந்தது. நீர் விழும் இடத்தில் அவள் உள்ளங்கையை நீட்டினாள். கையில் மங்கலாக ஒரு வெளிச்சப் பொட்டு. ஜெனீவா நகரத்து அறிஞர் டானியேல் கொலாடோன் 1841-ஆம் ஆண்டிலேயே இதைப் பலர் முன் செய்து காட்டினார் என்று சொன்னேன். பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் 1926-இல் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தை அனுப்ப முடியும் என்று 1954-இல் காட்டினார். அதே தத்துவத்தால்தான் இன்று கடலடியில் கிடக்கும் கண்ணாடி இழைகளின் வழியே நம் பேச்சு நாடு கடந்து போகிறது.

"அப்போ அப்பா பேசறதும் இப்படித்தான் துள்ளித் துள்ளி வருதா, தாத்தா?" என்று கேட்டாள்.

"ஆமாம் கண்ணு."

சிறிது நேரம் கையை நீரிலேயே வைத்திருந்தாள். பிறகு, "வெளிச்சம் உள்ளேயே ஓடிக்கிட்டு இருக்கு. நாம தொட்டாத்தான் வெளியே வருது" என்றாள். முப்பத்து நான்கு ஆண்டுகளில் இப்பாடத்தை இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

அதன்பின் எனக்கும் அப்பொருள் மீது ஒரு பிடிப்பு உண்டாயிற்று. ஒளியால் படம் போடும் ஆசை புதிதன்று என்பதையும் அறிந்துகொண்டேன். அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டு லைட் பிரைட் என்னும் விளையாட்டுப் பொருளை ஹாஸ்புரோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு விளக்கு. முகப்பில் கறுப்புத் தாள். அதில் வண்ண முளைகளைக் குத்திச் செருகினால், ஒவ்வொரு முளையும் ஓர் ஒளிப் புள்ளியாகும். நியூயார்க் மாநிலத்தில் ரோச்செஸ்டர் நகரிலுள்ள விளையாட்டுப் பொருள்களின் புகழ் மாடத்தில் 2022-ஆம் ஆண்டு அதற்கு இடம் கிடைத்தது. அதே ஆண்டில் அங்கே இடம் பெற்ற மற்றொரு பொருள் எது தெரியுமா? பம்பரம்! இதைக் கேட்டுப் பேத்தி கைதட்டிச் சிரித்தாள்.

வெளிநாடு வரை போவானேன்? நம் தஞ்சாவூர் ஓவியங்களையே பாருங்கள். பலா மரப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணத் தூளும் பசையும் குழைத்துப் பூசி, புடைப்பாக வடிவம் எழுப்பி, கண்ணாடிக் கற்கள் பதித்து, தங்கத் தகடு ஒட்டுகிறார்கள். பகலில் பார்த்தால் பகட்டாகத் தோன்றும் அந்தத் தங்கம், சன்னல் இல்லாத உள்ளறையில் எண்ணெய் விளக்கின் சுடர் அசையும்போது உயிர் பெற்று மின்னும். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் மூங்கில் சிம்புகளைக் கட்டி, வண்ணத் தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்து நம் வீட்டு வாசல்களில் தொங்கவிடும் விண்மீனும் ஒளியால் எழுதிய படம் அல்லாமல் வேறென்ன?

பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய இரண்டு செய்திகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய பொருள்களோடு வரும் ரிமோட்டுக்குள் பொத்தான் போன்ற வட்டப் பேட்டரி ஒன்று இருக்கும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உள்ளே கடுமையான புண் உண்டாகிவிடும். செவிலியான என் மருமகள் முதல் நாளே அந்த மூடியின் திருகாணியை இறுக்கி, ரிமோட்டைப் பரணில் வைத்துவிட்டாள். இன்னொன்று, நீலம் கலந்த வெள்ளை ஒளி உறக்கத்தைக் கெடுக்கும். இருட்டியதும் உடலில் தானே சுரந்து உறக்கத்தைக் கொண்டுவரும் சுரப்பை அது தடுக்கிறது. ஆகவே படம் வரைவது அரை மணி நேரம். படுக்கும்போது விளக்கை மங்கிய செந்நிறத்திற்கு மாற்ற வேண்டும். அவள் உறங்கியதும் நாங்கள் அணைத்துவிடுவோம். இது எங்கள் வீட்டுச் சட்டம்.

பலகை வந்த பிறகு அவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. முதல் வாரத்தில் மயில், தாமரை, தொடர்வண்டி என்று நாளுக்கொரு படம். பிறகு ஒரே படம் நிலைத்துவிட்டது. எங்கள் ஊர்த் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல்லால் கட்டியது. வட்டச் சுவர், மேலே கூம்புக் கூரை. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். ஒரு விடுமுறை நாளில் அதை அவளுக்குக் காட்டி, நம் வீட்டுப் பத்தாயத்திற்கு இதுதான் கொள்ளுத் தாத்தா என்று வேடிக்கையாகச் சொன்னேன். அந்தக் களஞ்சியத்தைத்தான் வரைந்திருந்தாள். பக்கத்தில் ஒரு மனிதன் கையில் பெட்டியோடு நின்றான். அதன் கீழே வரிசை வரிசையாகச் சிறு நிலைக்கோடுகள். வயல் வரப்பில் போட்ட வேலி என்று நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 20-ஆம் நாள். பேத்தி பள்ளிக்குப் போயிருந்தாள். அறையைப் பெருக்கப் போனவன் பலகையைப் பார்த்தேன். பகல் வெளிச்சத்தில் அது ஒளிரவில்லை. கோடுகள் அங்கங்கே கலைந்து, விரல் தடம் படிந்து, மாதக் கணக்கில் துடைக்காத கரும்பலகையைப் போல அழுக்காகத் தெரிந்தது. பிள்ளை வந்து புதிதாக வரையட்டும் என்று நல்லெண்ணத்தோடு ஈரத் துணியால் அழுத்தித் துடைத்து, வெயில் படும்படி வைத்தேன். பலகை தெள்ளத் தெளிவாக மின்னியது. ஒரு கடமையைச் செய்த நிறைவு எனக்கு.

மாலையில் அவள் வந்தாள், பலகையைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. செபமாலை சொன்னாள், சோறு உண்டாள், வீட்டுப்பாடம் எழுதினாள். படுக்கப் போனவள் பலகை விளக்கைப் போடவில்லை. இருட்டில் கட்டிலின் மேல் உட்கார்ந்திருந்தாள். மருமகளுக்கு அன்று இரவுப் பணி. நான்தான் போய்ப் பக்கத்தில் அமர்ந்தேன்.

"என்ன பாப்பா, படம் வரையலையா?"

"கணக்கு போயிடுச்சு, தாத்தா."

"என்ன கணக்கு?"

"அப்பா வர்ற கணக்கு."

சிறிது சிறிதாகத்தான் விளங்கிற்று. அப்பா கிறிஸ்துமசுக்கு வருவார் என்று வீட்டில் எல்லாரும் சொல்லியிருந்தோம். நவம்பர் முதல் நாள், சகல புனிதர் திருநாளன்று, நாள்காட்டியைப் பார்த்து டிசம்பர் 24 வரை எண்ணி 53 கோடுகள் போட்டிருக்கிறாள். ஒவ்வோர் இரவும் ஒரு கோட்டை விரலால் அழித்துவிட்டுத்தான் படுப்பாளாம். நான் அழுக்கென்று எண்ணிய அந்த விரல் தடம் ஒவ்வொன்றும் ஒரு நாள். அன்று காலை மீதியிருந்தவை முப்பத்தைந்து.

"அவ்வளவுதானே? தாத்தா தெரியாமல் துடைத்துவிட்டேன். மன்னித்துக்கொள் கண்ணு" என்றேன்.

அவள் பெருந்தன்மையோடு பேனாவை என்னிடம் நீட்டினாள். "நீங்கதானே கணக்கு வாத்தியார். சரியா எண்ணி நீங்களே போட்டுடுங்க."

பலகை விளக்கைப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு இழுத்தேன். ஒவ்வொரு கோடும் பச்சையாக எரிந்தது. ஏழாவது கோட்டில் என் கை நின்றுவிட்டது.

வாசகர்களே, நான் அவளிடம் ஒப்புக்கொண்ட குற்றம் சிறியது. ஒப்புக்கொள்ளாத குற்றம் ஒன்று இருந்தது. அதற்குப் பத்து நாள்களுக்கு முன்பே மகன் தொலைபேசியில் சொல்லிவிட்டான்: டிசம்பரில் விடுப்புக் கிடைக்கவில்லை, ஏப்ரலில்தான் வர முடியும். பாப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று நாங்கள் நான்கு பெரியவர்களும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம். அந்தப் பத்து இரவும் அவள் ஒவ்வொரு கோடாக அழித்துக்கொண்டிருந்தாள். இப்போது என் கையாலேயே முப்பத்தைந்து பொய்களை எழுதச் சொல்கிறாள். அதுவும் என் கணக்கை நம்பி.

சொல்லாமல் எழுதி முடித்திருக்கலாம். தேர்வு நன்றாக எழுதியிருப்பாள். ஆனால் டிசம்பர் 24 இரவு கடைசிக் கோட்டை அழித்துவிட்டு வாசலைப் பார்த்திருப்பாள். அந்த முகத்தை எண்ணியபோது பேனாவை மூடி வைத்தேன். சொன்னேன்.

அவள் உடனே அழவில்லை. "நேத்து நான் கோடு அழிச்சப்போ உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"அம்மாவுக்கு?"

"தெரியும்."

"அப்பாயிக்கு?"

"தெரியும் கண்ணு."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். தந்தை வராததற்காக மட்டுமன்று, நாங்கள் எல்லாரும் அறிந்த ஒன்றைத் தான் மட்டும் அறியாமல் இருந்ததற்காகவும் அழுதாள் என்று எனக்குத் தோன்றியது. என்னால் தேற்ற முடியவில்லை. அவள் உறங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பலகையில் நான் இழுத்த ஏழு கோடுகளும் எரிந்துகொண்டே இருந்தன.

மறுநாள் காலை பணி முடிந்து வந்த மருமகளிடம் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். "நானே சொல்லியிருக்கணும், மாமா. தைரியம் வரலை" என்று மட்டும் சொன்னாள். அன்று மாலையே மகனை அழைத்து, "நீயே பேசு, எதையும் மறைக்காதே" என்றேன்.

அவன் மகளோடு நெடுநேரம் பேசினான். ஏன் விடுப்பு இல்லை, யார் யார் ஊருக்குப் போகிறார்கள், தன் முறை எப்போது என்று பெரியவர்களிடம் சொல்வது போலவே சொன்னான். ஏப்ரல் இரண்டாம் வாரம் என்றான். "அதுவும் மாறினா?" என்று அவள் கேட்டாள். "மாறலாம். மாறினா முதல்ல உன்கிட்டதான் சொல்லுவேன். அப்புறம்தான் தாத்தாகிட்ட" என்றான். அந்த ஒரு சொல் அவள் முகத்தில் செய்த மாற்றத்தை நான் என்னவென்று எழுதுவேன்! நிச்சயமான தேதி கிடைக்காவிட்டாலும், செய்தி முதலில் தனக்கு வரும் என்னும் உறுதி அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு நாள்காட்டியை எடுத்து வந்து எண்ணினோம். நூற்று நாற்பதுக்கு மேல் வந்தது. அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பலகை போதாது, தாத்தா."

"என்ன செய்யலாம்?"

சற்று யோசித்தாள். "வாரத்துக்கு ஒண்ணு போடுவோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்து அழிச்சுக்கலாம்."

இருபது கோடுகள். இம்முறை அவளே இழுத்தாள். நான் எண்ணிச் சரிபார்த்தேன்.

டிசம்பரில் நாங்கள் இருவரும் மூங்கில் சிம்பு வாங்கி வந்து வாசலுக்கு ஒரு விண்மீன் கட்டினோம். ஒரு முனை சற்றே கோணலாகிவிட்டது, அதையே தொங்கவிட்டோம். கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும், மருமகள் செல்பேசியைப் பலகைக்கு நேரே பிடித்தாள். களஞ்சியமும், பெட்டி ஏந்திய மனிதனும், கோடுகளும் குவைத்தில் ஓர் அறையில் தெரிந்தன. மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தலையில ஏன் முடியே இல்ல?" என்று கேட்டான்.

"போன்ல அப்படித்தான் தெரியுது" என்றாள் மகள். அங்கே அவன் சிரித்தான். இங்கே நாங்கள் சிரித்தோம். விடுப்புக் கிடைக்காத அந்தக் கிறிஸ்துமஸ் அப்படிக் கழிந்தது.

நம் தஞ்சைத் தரணியில் தந்தை வெளிநாட்டிலும் பிள்ளை வீட்டிலுமாக வாழும் குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் அனுப்பும் பொருள்களால் நம் பிள்ளைகளின் அறைகள் நிறைகின்றன. அப்பொருள்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைப் பிரித்த நானே இன்று அந்தப் பலகைக்கு நன்றி பாராட்டுகிறேன். அது இல்லாவிட்டால் ஒரு குழந்தை இரவுதோறும் தனியே என்ன கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதே எனக்குத் தெரிந்திராது. ஆனால் ஒன்று சொல்வேன். பிள்ளை வரைந்ததைத் துடைக்குமுன், சுவரில் கிறுக்கியதைக் கண்டிக்குமுன், தாளைக் கசக்கி எறியுமுன், "இது என்ன?" என்று ஒரு முறை கேளுங்கள். அதற்கு அவர்கள் விடை சொன்னால், நாமும் உண்மையே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குத் தாங்காது என்று நாம் மறைப்பவற்றில் பல, உண்மையில் நமக்குச் சொல்லத் துணிவில்லாதவை.

நான் இதை எழுதும் இந்நேரம், வெளியே சம்பா அறுவடை நடக்கிறது. இயந்திரத்தின் ஓசை பத்தாய அறை வரை கேட்கிறது. பேத்தி பள்ளியிலிருந்து வரும் நேரமாயிற்று. அவள் அறையை இப்போதும் நான்தான் பெருக்குகிறேன். பலகையில் விரல் தடங்கள் நிறையப் படிந்துள்ளன, துடைக்கவில்லை. பதினொரு கோடுகள் மீதியிருக்கின்றன.